பொங்கலன்று கழுவிய கார்

இப்போதெல்லாம் என் மகன் குளிர்காலக் காலையில் சோபாவை விட்டு எழுந்திருக்காமலேயே போனில் ஒரு பொத்தானை அமுக்குகிறான். வெளியே கார் தானாக ஸ்டார்ட் ஆகி, நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் சீட் உட்பட எல்லாம் சூடாகிவிடுகிறது. "யூ டோன்ட் ஹாவ் டு கோ அவுட், அம்மா" என்கிறான். தெரியும்டா. ஆனாலும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய், கதவுக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காபி உள்ளே இறங்கும். என்ஜினைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. என் கவலை எல்லாம் கதவுதான்.

தொண்ணூறுகளில் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இந்த நியூ ஜெர்ஸியில் வந்து இறங்கி, இன்று தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு முட்டிவலி மாத்திரை பரிமாறிக்கொள்ளும் நம் செட்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நமக்குப் பிறகு வந்தவர்களுக்குப் புரியாது. அவர்கள் வரும்போதே புதுக் கார் வாங்கிவிட்டார்கள். நம் வீடுகளில் முதல் கார் என்பது யாரோ ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது நம் தலையில் கட்டிவிட்டுப் போனது.

எங்களுடையது தவிட்டு நிறம். உள்ளே கூரைத் துணி பசை விட்டுத் தொங்கி, உட்கார்ந்தால் அம்மாவின் கொண்டையில் உரசும். அப்பா அதைச் சேலை பின்களால் குத்தி நிறுத்தியிருந்தார். பின் சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு நான் அந்தப் பின்களை எண்ணுவேன். வண்டியில் ஹீட்டர் போட்டால் முதலில் வருவது சூடு இல்லை, பழைய பிரெஞ்சு ஃப்ரை வாசனை. எங்களுக்கு முன்னால் அந்தக் காரை வைத்திருந்தவருக்குப் பிடித்த சாப்பாடு என்னவென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பிஸ்கட்டவே என்ற ஊரில் இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். மேல்மாடி எங்களுக்கு. கார் நிற்பது கட்டடத்தின் முன்னால், திறந்த வெளியில். எங்கள் சமையலறை ஜன்னலோ பின்பக்கம் பார்த்தது. அந்தச் சமையலறையில்தான் அம்மா இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தார்.

அம்மா திருச்சியில் டாக்டர். பிரசவம் பார்த்தவர். இங்கே வந்ததும் அதெல்லாம் செல்லாது என்று ஆகிவிட்டது. மறுபடி பரீட்சைகள் எழுதி, அதற்குப் பிறகு ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி கூப்பிட்டுப் பேசிப் பார்த்துப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால்தான் மறுபடியும் டாக்டர். அம்மா பரீட்சைகளைப் பாஸ் செய்துவிட்டார். கட்டுக்கட்டாக விண்ணப்பங்களை அனுப்பினார். எனக்குப் பத்து வயதான அந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு கடிதம் வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. வீட்டிலிருந்து இரண்டு மணி நேர டிரைவ். பொங்கலுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

கடிதம் வந்த அதே வாரத்தில்தான் கார் படுத்துக்கொண்டது. முதல் கடுங்குளிர் அன்று. அப்பா சாவியைத் திருப்ப, அது கிர்ர் என்று ஒருமுறை இழுத்து, கிர் என்று முனகி, டக் டக் என்று நின்றுவிட்டது. நானும் அம்மாவும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். எங்கள் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது. அப்பா மறுபடி திருப்பினார். டக்.

அம்மா முன்னால் பார்த்தபடியே கேட்டார். "அன்னிக்கும் இது இப்படிப் பண்ணுச்சுன்னா?"

"பண்ணாது" என்றார் அப்பா.

அந்த ஒரு வார்த்தைக்காக அப்பா அடுத்த மூன்று வாரம் பட்டபாடு இருக்கிறதே! மனுஷர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. சாப்பிடும்போது எழுந்து முன் ஜன்னலுக்குப் போய்க் காரைப் பார்த்துவிட்டு வருவார். டி.வி.யில் வானிலை சொல்லும்போது யாரும் தும்மக்கூடக் கூடாது. அவருடைய அமைதியின்மை வீட்டில் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதுகூடக் கார் ஸ்டார்ட் ஆகுமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

எதிர்க் கட்டடத்தில் ஓர் அங்கிள் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு லேத் பட்டறை இருந்ததால் எங்களுக்கு அவர் பட்டறை அங்கிள். அப்பாவின் ஆபீஸ் பக்கத்திலேயே அவருக்கும் வேலை. எந்த வண்டியைப் பார்த்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்விடுவார். அவர்தான் அன்று தன் காரைப் பக்கத்தில் நிறுத்தி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கேபிளைக் கவ்வ வைத்து, எங்கள் வண்டிக்கு உயிர் கொடுத்தார். சனிக்கிழமை வந்து பானெட்டைத் திறந்து பார்த்தவர், ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டு அப்படியே நின்றார்.

"ஏனுங்க, இதுல என்ன ஊத்தி வெச்சிருக்கீங்க?"

"தண்ணிதான். வாரா வாரம் நானே செக் பண்ணி ஊத்திடுவேன்" என்றார் அப்பா, பெருமையாக.

"பச்சத் தண்ணியாங்க?"

"ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தாம வேற என்னங்க ஊத்துவாங்க? எங்க வீட்டு அம்பாசடர்ல முப்பது வருஷம் ஊத்தியிருக்கோம்."

"திருச்சியில தண்ணி கல்லாகுமாங்க சார்? இன்னும் நாலு நாள் இப்படியே விட்டிருந்தீங்கன்னா உள்ளுக்குள்ள உறைஞ்சு என்ஜினே பொளந்திருக்கும்."

அப்பாவின் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அன்று மதியமே பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் பாதிக்குப் பாதி உறையாத கூலன்ட் கலந்து ஊற்றினார்கள். பச்சை நிறம், இனிப்பு வாசனை. ஏதோ சர்பத் என்று நினைத்து நான் கிட்டே போக, பட்டறை அங்கிள் "விஷம் கண்ணு, தள்ளிப் போ" என்று அதட்டினார். குளிரில் கெட்டியாகாத மெல்லிய ஆயில் மாற்றினார்கள். பேட்டரியின் முனைகளில் பூத்திருந்த வெள்ளையையும் பச்சையையும் சுரண்ட அம்மாவின் ஆப்ப சோடாவும் அப்பாவின் பல் பிரஷ்ஷும் போயின. சோடாத் தண்ணீர் பட்டதும் அது நுரைத்துப் பொங்கியது. துடைத்துக் காயவைத்து வாஸ்லைன் தடவினார்கள். பெட்ரோல் டாங்க் பாதிக்குக் கீழே போகவே கூடாது என்று உத்தரவு.

"பேட்டரி பழசுங்க. புதுசு போட்டுட்டா நல்லது. இல்லீன்னா ராத்திரியில கழட்டி வீட்டுக்குள்ள வெச்சுக்கோங்க, சூடா இருந்தா காலையில நல்லா இழுக்கும்" என்றார் அங்கிள். அப்பாவுக்கு இரண்டாவது யோசனைதான் பிடித்தது. புதுசு வாங்குவதைவிடத் தூக்கிக்கொண்டு அலைவது அவர் சுபாவத்துக்குப் பொருத்தம்.

அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேட்டரி எங்கள் வீட்டுக்கு வரும். அப்பா அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறுவார். சமையலறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் பழைய பத்திரிகை விரித்து அதன் மேல் வைத்து, சார்ஜரை மாட்டுவார். அது ம்ம்ம் என்று மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். அதற்கு அரை அடி தள்ளி அம்மாவின் நாற்காலி. மேஜையில் அம்மாவின் தடித் தடிப் புத்தகங்கள்.

"குழந்தைக்குப் பால் கொடுக்கணுமா?" என்று ஒருநாள் அம்மா கேட்டார். அப்பா குனிந்து, புறங்கையை வைத்துப் பேட்டரிக்குச் சூடு வந்துவிட்டதா என்று பார்த்தார். நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தக் குளிர்காலத்தில் அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

இன்டர்வியூவுக்கு என்னை வைத்துத்தான் அம்மா ஒத்திகை பார்த்தார். நான் பெரிய டாக்டர். எதிரில் உட்கார்ந்து, "ஒய் டு யூ வான்ட் டு கம் டு அவர் ஹாஸ்பிடல்?" என்று கேட்பேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார். பத்து வயதுத் திமிரில் நான் அவருடைய உச்சரிப்பைத் திருத்துவேன். "அப்படி இல்லம்மா, உதட்டைக் குவிச்சு சொல்லு." நூற்றுக்கணக்கான குழந்தைகளை வெளியே எடுத்த அந்த அம்மா, என் முன்னால் உதட்டைக் குவித்துக் குவித்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்போ நல்லா இருக்கா?" என்று கேட்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஒருநாள் பட்டறை அங்கிள் அப்பாவிடம் சொன்னார். "எதுக்குங்க ரிஸ்க்? நான் அன்னிக்கு லீவு போட்டுடறேன். டாக்டரம்மாவ என் வண்டியிலயே கூட்டிட்டுப் போயிடலாம்."

"வேணாங்க. என் வண்டி ஸ்டார்ட் ஆகும்" என்றார் அப்பா.

அந்த "என்" எவ்வளவு பெரிய வார்த்தை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மனைவி டாக்டராக இருந்த ஊரை விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். திரும்ப அம்மாவை டாக்டராக்கும் இடத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அங்கிளின் காருக்கு அப்போதே சரி என்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. பனியை உருக்க ரோட்டில் கொட்டும் உப்பு அப்பிக் கார் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. எங்கள் வீட்டில் பொங்கலன்று வண்டிக்கு விபூதி குங்குமம் வைக்காமல் இருந்ததில்லை.

"அழுக்கு வண்டிக்குப் பொட்டு வைக்க முடியுமா? ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பறேன். கழுவுங்களேன்."

"ஸ்டார்ட் ஆகறதுதான் முக்கியம். குளிச்சிட்டு நிக்கறது முக்கியமில்ல."

"எனக்கு முக்கியம்."

அப்பா எழுந்து முன் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் பொங்கல். விடியற்காலையில் மின்சார அடுப்பில் பொங்கல் வைத்து, "பொங்கலோ பொங்கல்" என்பதைக் கீழ்வீட்டுக்காரர் எழுந்துவிடாதபடி கிசுகிசுத்துவிட்டு, நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அப்பா பேட்டரியை மாட்டி வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு அங்கிளோடு ஆபீஸ் போனார். மூன்றரைக்கு நான் திரும்பி வந்தபோது அபூர்வமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. அம்மா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, ஓர் ஈரத்துணியையும் விபூதி குங்குமம் வைத்த கிண்ணத்தையும் என்னிடம் கொடுத்தார்.

"பானெட்டை மட்டும் இத்தனூண்டு துடைச்சுட்டுப் பொட்டு வெச்சுட்டு வா. குல்லா போட்டுக்கோ."

கீழே போய் ஒரு இடத்தைத் துடைத்தேன். உப்புக்கு நடுவே ஓர் அப்பளம் அளவுக்குத் தவிட்டு நிறம் தெரிந்தது. மீதிக் கார் அதனால் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. அம்மா முந்தின நாள் "எனக்கு முக்கியம்" என்று சொன்ன குரல் காதில் இருந்தது. நான் மேலே போய், சத்தம் போடாமல் பாத்ரூமிலிருந்து சிவப்புப் பக்கெட்டை எடுத்தேன். திருச்சியிலிருந்து சூட்கேசுக்குள் துணி திணித்து வந்த பக்கெட் அது. வெந்நீர் பிடித்து, மக்கோடு இறக்கினேன். கூரை, கண்ணாடி, நான்கு கதவு. ஊற்ற ஊற்ற ஆவி எழும்பியது. மூன்று முறை ஏறி இறங்கினேன். கதவு இடுக்குகளில் அப்பியிருந்த உப்பு கரையும்வரை ஊற்றினேன். சாவித் துவாரத்தில் கட்டியாக இருந்ததை நகத்தால் நோண்டிவிட்டு அதிலும் ஊற்றினேன். பிறகு விபூதியில் மூன்று கோடு, நடுவில் குங்குமம். நான்கு சக்கரங்களுக்கும் வைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஆறு மணிக்கு அப்பா வந்தபோது ஓடிப்போய்க் காட்டினேன். விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் கார் பளபளத்தது. அப்பா சிரித்தார். வழக்கம்போலக் கதவைத் திறந்து, பானெட்டுக்கான நெம்புகோலை உள்ளேயிருந்து இழுத்து, பேட்டரியைக் கழற்றினார். கதவைச் சாத்தும்போது அவர் கையில் தண்ணீர் சொட்டியது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் எதுவும் தோன்றவில்லை. நாங்கள் திருச்சிக்காரர்கள். தண்ணீர் என்றால் காய்ந்துவிடும், அவ்வளவுதான்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. காலையில பாக்கட்டும். சர்ப்ரைஸ்" என்றேன்.

"சொல்லல" என்றார் அப்பா.

காலை ஐந்தரை. மூக்குக்குள் முடி விறைத்துக்கொள்ளும் குளிர். அம்மா புதுக் கறுநீல கோட்டும் பேன்ட்டும் போட்டு, கையில் ஃபைலோடு நின்றார். அப்பா நெஞ்சோடு அணைத்த பேட்டரியோடு நின்றார். காரைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு ஐஸ் தோல். குங்குமம் அதற்குள் சிவப்பாகத் தெரிந்தது. அப்பா பேட்டரியைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. அடுத்த பக்கம் போனார். நுழையவில்லை. அவருக்கு அப்போது புரிந்தது. நிமிர்ந்து ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

கூலன்ட் சரி, ஆயில் சரி, பேட்டரி இட்லி மாதிரிச் சூடாகக் காலடியில் இருக்கிறது. அதை உள்ளே வைக்கப் பானெட்டைத் திறக்க வேண்டும். பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் கதவுக்கு உள்ளே. கதவு சுவராகிவிட்டது. அப்பா லைட்டரால் சாவியைச் சுட்டு நுழைத்தார். பூட்டு கடைசியில் திரும்பியது. ஆனால் கதவு அசையவில்லை. வெந்நீர் ஊற்றினார், ஊற்றிய இடத்திலேயே அது உறைந்தது. காலை உதைத்து ஊன்றிக்கொண்டு இழுத்தார். படக்கென்று கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

அப்போது மணி ஆறேகால். அந்தக் கைப்பிடியோடுதான் அவர் எதிர்க் கட்டடத்துக்கு ஓடினார். பட்டறை அங்கிள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே ஓடிவந்து, காரைப் பார்த்து, நின்றார்.

"யாருங்க இந்தக் குளிர்ல வண்டியக் கழுவுனது?"

சொல்ல வாயைத் திறந்தேன், புகைதான் வந்தது.

"நான்தான்" என்றார் அப்பா. "நேத்து சாயங்காலம் வந்து கழுவினேன்."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கிளின் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வழியில் நெடுஞ்சாலையில் ஏதோ லாரி சறுக்கிக் குறுக்கே நின்றுவிட்டதாம். ஒன்பதே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று பேர் பேச வேண்டியிருந்தது. மதியம்வரை காக்க வைத்து, ஒருவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் பேசினாராம். மார்ச்சில் பதில் வந்தது. இடம் இல்லை. நேரத்துக்குப் போயிருந்தால் கிடைத்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது நிச்சயம் கிடைத்திருக்கும்.

அம்மா மறுபடி விண்ணப்பிக்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் போனார். பட்டறை அங்கிள் அவரை "டாக்டரம்மா" என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தி "அக்கா" என்று ஆரம்பித்தார் என்று எனக்கு நினைவில்லை. அந்த வருடம் முழுக்க அம்மா அப்பாவோடு தேவைக்கு மட்டும் பேசினார். தட்டு வைப்பார், காபி வைப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். கோபம் என்றுதான் நான் நினைத்தேன். கழுவச் சொல்லிக் கேட்டது தானேதான் என்பதால் அவரால் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்பது எனக்கே கல்யாணமாகிச் சண்டை போட்ட பிறகுதான் புரிந்தது. அப்பாவோ எங்கள் பட்டாளத்துக்கே கேலிப்பொருள் ஆனார். எந்த வீட்டுப் பிறந்த நாளானாலும் பட்டறை அங்கிள் ஆரம்பித்துவிடுவார். அப்பா அசடு வழிய நிற்பார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன்.

போன ஜனவரியில் அம்மா ரிட்டயர் ஆனார். என் வீட்டு பேஸ்மென்ட்டில் சின்ன விருந்து. பாயசம் வந்ததும் பட்டறை அங்கிள், தடியை ஊன்றியபடி, ஆரம்பித்தார். "ஐஸ்ல வண்டியக் குளிப்பாட்டுன மகராசன் இவருதானுங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "போதும்ங்க. அவரைச் சொல்லாதீங்க. நான்தான் கழுவுங்க கழுவுங்கன்னு நச்சரிச்சேன். அவர் வேணாம்னுதான் சொன்னார். முப்பது வருஷமா அவரே வாங்கிக் கட்டிக்கறார்."

சிரிப்பு நின்றுவிட்டது. இதற்கு மேல் தாங்காது என்று எழுந்து நின்றேன்.

"அம்மா, அப்பா கழுவல. நீ துணி கொடுத்தியே, அன்னிக்கு மத்தியானம் நான்தான் பக்கெட்ல வெந்நீர் கொண்டுபோய்க் கழுவினேன். சாவி ஓட்டையில ஊத்தினது நான்தான்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். "சும்மா சொல்றா. இத்தனூண்டு பொண்ணு அந்த பக்கெட்டைத் தூக்கிட்டுப் படி இறங்குமா? நான்தான்."

அம்மா என்னைக் கிட்டே இழுத்து உட்கார வைத்து, என் தலையைத் தடவிவிட்டு, அங்கிளிடம் சொன்னார். "அப்படியே அவரைக் கொண்டிருக்கா பாருங்க. பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறதுல." எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கிளம்பும்போது அப்பா முன்னால் போய்த் தன் காரின் கதவைத் திறந்து பார்த்து, திரும்ப மூடினார். அவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்று அன்றுதான் கவனித்தேன். அம்மா உள்ளே ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நான் அப்பா பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன்ப்பா? இன்னிக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே. எனக்கு நாற்பது தாண்டிடுச்சு."

அப்பா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"நீதானம்மா சொன்ன, அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு" என்றார்.